வேர்க்காத படிப்பு

ஜெய்னப் டீச்சர் இன்னும் இரண்டு வருஷத்தில் பிரின்சிபால் வேலையை விட்டுவிட்டு மகனோடு கோயம்புத்தூருக்குப் போகப்போகிறார் என்ற சேதி ஸ்டாஃப் ரூமுக்கு வந்த அன்று, பொன்செல்வி மத்தியானச் சாப்பாட்டைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டாள். பசி இல்லாமல் இல்லை. அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று மனசு பட்டென்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

பிள்ளைகளுக்கு நல்லது செய்யணும், ஊருக்கு உழைக்கணும் என்றெல்லாம் அவள் தனக்குத்தானே கதை கட்டிக்கொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து அவள் வீட்டு ஆட்களை யாராவது ஏவிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். அம்மா தறிக்கூடத்தில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றினாள். சாகிற வரைக்கும் தறிக்காரன் ஏவினான். அப்பா பிச்சையா புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை மூடை ஏற்றினார். கமிஷன் கடைக்காரன் ஏவினான். இவள் எம்.எஸ்சி., பி.எட். முடித்து, சங்கரன்கோவிலிலேயே ஒரு மெட்ரிக் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. இங்கே இவளை ஏவுவதற்கு ஆறேழு பேர். ஒரு தடவையாவது ஏவுகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தாள்.

பள்ளிக்குத் தாளாளர் சங்கரசுப்பு அண்ணாச்சி. பருத்தி வியாபாரத்தில் சம்பாதித்துப் பள்ளிக்கூடம் கட்டியவர். இன்னமும் பேச்செல்லாம் பருத்திக் குடோன் பேச்சுதான். அடுத்த வாரமே எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“வெளியூர்ல இருந்து ஆளைக் கொண்டாந்து உக்கார வைக்க எனக்கு இஷ்டமில்ல. உங்கள்ல ஒருத்தர்தான். ஆனா பள்ளிக்கூடம் நடத்துததுக்குன்னு ஏதாவது ஒரு படிப்பு முடிச்சிருக்கணும்னு டிரஸ்ட்டுல கேக்காங்க. என்ன படிக்கணும், எங்கன படிக்கணும்னுலாம் நான் சொல்லமாட்டேன். அவங்கவங்களுக்கு எது தோதோ பாத்துக்கிடுங்க. லீவு வேணும்னா தாரேன். சம்பளம் தரமாட்டேன்.”

கடைசிப் பேச்சுக்கு எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். அது வேடிக்கை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

படிக்கிறேன் என்று கை தூக்கினது இரண்டு பேர். ஒருத்தி பொன்செல்வி. இன்னொருத்தி அபிதா. இங்கிலீஷ் டீச்சர். வந்து நாலு வருஷம்தான் ஆகிறது, வயசு முப்பதைத் தொடவில்லை. அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். குளத்துப் பாசனத்தில் நாலு வயல், மாடி வீடு, வாசலில் ஸ்கூட்டி. பொன்செல்விக்கு அவள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளையின் கையைப் பார்க்கும்போது மட்டும், ‘இது ஒரு நாளாவது ஒரு குடம் தண்ணி தூக்கியிருக்குமா?’ என்று தோன்றும்.

படிப்பு என்று பார்த்தால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, எம்.எட். இரண்டு வருஷம், தினமும் திருநெல்வேலிக்கு அங்கிட்டு இருக்கிற காலேஜுக்குப் போய் உட்கார்ந்து படிக்க வேண்டும். பரீட்சை, ஆய்வேடு, வைவா எல்லாம் உண்டு. இன்னொன்று, பள்ளித் தலைமைக்கென்றே ஒரு டிப்ளமா. ஒரு வருஷம். சனிக்கிழமை செல்போனில் வகுப்பு, இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போய் வந்தால் போதும். மற்றபடி வேலையை விட வேண்டியதில்லை. வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலேயே ஒரு கோளாறைப் பிடித்து, அங்கே இருக்கிற ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அதைச் சரி பண்ணி, எப்படிச் செய்தேன் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். அதுதான் படிப்பு.

தமிழ் டீச்சர் கோமதித்தாய் இரண்டு படிப்பின் விவரப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏட்டி, இதுல பரீட்சையே இல்லட்டி. பேசாம இதுல சேந்துட்டு சம்பளத்தையும் வாங்கிட்டு இரு.”

“பரீட்சை இல்லாததுக்குப் பேரு படிப்பாட்டி?”

“பெறவு என்னவாம்?”

“பொழுதுபோக்கு.”

பொன்செல்விக்கு எதையும் நிறுத்துப் பார்க்க ஒரே படிக்கல்தான் இருந்தது. எவ்வளவு வலிக்கிறது? வலித்தால் அது வேலை. வலிக்காவிட்டால் ஏமாற்று. பிச்சையாவின் வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு காய்ப்பு உண்டு. மூடை சுமந்து சுமந்து வந்தது. ஒரு தடவை முதுகு பிடித்துக்கொண்டபோது கடைக்காரர் இரக்கப்பட்டு, அதே கூலிக்குக் குடோனில் காவலுக்கு உட்காரச் சொன்னார். மனுஷன் ஒரு வாரம் தாங்கவில்லை. “சும்மா இருக்கதுக்குக் காசு வாங்குனா உடம்புல ஒட்டாது” என்று திரும்பவும் மூடைக்கே போய்விட்டார். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு, உட்கார்ந்த இடத்தில் கிடைக்கிற எதன் மேலும் நம்பிக்கை வராது. நம்பிக்கை மட்டுமில்லை, மரியாதையும் வராது.

ஒருநாள் இடைவேளையில் அபிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, ரெண்டு பேருமே அந்த டிப்ளமாவுல சேந்திருவமா? உங்களுக்குத் தெரு பூரா தெரியும். எனக்கு எழுதிக் காட்டத் தெரியும். நாற்காலி யாருக்குங்கத பெறவு அண்ணாச்சி பாத்துக்கிடட்டும்.”

நல்ல மனசோடுதான் கேட்டாள். அது பொன்செல்விக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும், ரூம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“செல்போனைப் பாத்துட்டு உக்காந்திருக்க படிப்புக்கு சர்டிபிகேட்டா குடுப்பாங்க? வேர்க்காத படிப்பும்மா அது. முடிச்சதும் ஆளுக்கொரு பவுடர் டப்பா குடுத்து அனுப்புவாங்க.”

ரூம் குலுங்கிச் சிரித்தது. அபிதாவும் சிரித்தாள். காது மட்டும் சிவந்துபோனது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

பொன்செல்வி எம்.எட்.டில் சேர்ந்தாள். புருஷன் வீரபாண்டி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், மாசத்துக்கு ஒருமுறை வருவான். போனில் கேட்டுவிட்டு, “சம்பளம் வராதுன்னா வராது, சமாளிப்போம். உனக்குப் பிடிச்சா செய்” என்றான். மகன் அருண்குமார் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்தான். ஆக வீட்டில் அவளும் அப்பாவும்தான்.

விடியுமுன்னே எழுந்து பொங்கி வைத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பாள். பாதி நாள் நின்றுகொண்டேதான் போக வேண்டும். பனவடலிசத்திரம் தாண்டும்போதுதான் கிழக்கே வெளுக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டே கல்வி உளவியல் படித்தாள். திரும்ப வரும்போது கால் வீங்கியிருக்கும். இடுப்பு கழன்றுவிடும். அந்த வலியில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. சரியான பாதையில்தான் போகிறோம் என்று அந்த வலிதான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

பிச்சையாவுக்கு அதைவிடச் சந்தோஷம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார்: “எம் மவ ரெண்டு வருஷமா ஒத்த நாள் உக்காந்து போகல வே. நின்னுகிட்டே போறா. பாருங்க, நாளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக்கே அவதான் பெரிய டீச்சர்.” அவர் வாழ்க்கையில் மகளின் வேலை புரிந்தது அந்த இரண்டு வருஷத்தில்தான். அறிவியல் அவருக்குத் தெரியாது. கால் வீங்குவது தெரியும். ராத்திரி தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி அவரே எடுத்துக் கொடுப்பார்.

பள்ளிக்கூடத்துச் சேதி கோமதித்தாய் மூலமாக அவ்வப்போது வரும். அபிதா டிப்ளமாவில் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமை காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் என்னவோ காலையில் வாசல் கேட்டுப் பக்கம் பெஞ்சு போட்டு உட்கார ஆரம்பித்திருக்கிறாள்.

“கேட்டுல உக்காந்து என்ன செய்யுதா?”

“பேசுதா.”

“யார்கூட?”

“வாரவங்க கூடத்தான். உங்க தெருப் பொம்பளைங்க கூட.”

பொன்செல்வி சிரித்தாள். “நல்ல படிப்பு!”

இரண்டாம் வருஷம் ஆய்வேட்டுக்குக் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்க வேண்டியிருந்தது. மாணவர்களின் சாதிக்கும் ஊக்கம் பற்றின ஆய்வு. எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் செய்யலாம். சொந்தப் பள்ளியிலேயே செய்துவிடலாம் என்று ஜெய்னப் டீச்சரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒருநாள் காலையில் போனாள்.

போய்ச் சேரும்போது முதல் பெல் அடித்துக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். கேட்டு திறந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் பகீரென்றது அவளுக்கு. ஏனென்றால் அந்தக் கேட்டைப் பத்து வருஷம் காத்தவள் அவள்தான். பெல் அடித்ததும் பூட்டச் சொல்வாள். பிந்தி வருகிற பிள்ளை ஒரு பீரியட் வெயிலில் நிற்க வேண்டும். பிந்தி வருகிறதெல்லாம் பெரும்பாலும் தறித்தெருப் பிள்ளைகள். அவள் தெரு. சின்ன வயசில் அவளும் அதே மாதிரி வேறொரு பள்ளிக்கூடத்து வாசலில் நின்றவள்தான். ‘நான் நின்னு படிக்கல? இதுகளும் நிக்கட்டும். நின்னாத்தான் புத்தி வரும்’ என்பதுதான் அவள் நியாயம். நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் படித்து மேலே வந்தார்கள் என்று அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்போது கேட்டுக்குள் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு. அதில் அபிதா. சுற்றிலும் நாலைந்து பொம்பளைகள், தலையில் நூல் பிசிறு அப்படியே ஒட்டியிருக்க, ராத்திரி ஷிப்டு முடித்து நேரே வந்தவர்கள். பிந்தி வந்த பிள்ளைகள் பக்கத்து வராந்தாவில் உட்கார்ந்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தன. கூட்டத்தில் தங்கத்தாய் அக்காவும் இருந்தாள். பொன்செல்வியின் அம்மாவோடு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றியவள்.

“ஏட்டி பொன்னு! நீ எங்கட்டி இங்கன? வேலைய விட்டுட்டேன்னுலா நெனச்சேன்!”

“விடலக்கா. படிக்கப் போயிருக்கேன்.”

“இன்னுமா படிக்க?” என்றாள் தங்கத்தாய். எல்லாரும் சிரித்தார்கள்.

அபிதா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஒளிவு மறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ராத்திரி ஷிப்டு விடிந்துதான் முடிகிறது. அம்மா வந்து பொங்கிப் போட்டால்தான் பிள்ளை கிளம்பும். கரண்டு போய்விட்டால் அந்த ஷிப்டு இன்னும் தள்ளிப்போகும். அதனால் முதல் பீரியடில் வைக்கிற டெஸ்டை இரண்டாம் பீரியடுக்கு மாற்றியாயிற்று. பிந்தி வருகிறதுகளுக்கு வராந்தாவில் வாசிப்பு. வாசலில் நிற்க வைப்பது கிடையாது. “இப்ப லீவு போடுததே பாதியாக் கொறஞ்சிட்டுக்கா. நிக்க வைக்கதுக்குப் பயந்துதான் முன்ன பாதிப் பிள்ளைங்க லீவே போட்டிருக்கு.”

பொன்செல்விக்கு முகத்தில் வெந்நீர் ஊற்றினாற்போல இருந்தது. ஷிப்டு எப்போது முடியும் என்று அவளுக்குத் தெரியாதா? தறிச் சத்தத்தில் தூங்கி அந்தச் சத்தம் நின்றால் முழித்தவள் அவள். கரண்டு போனால் அம்மா எப்போது வருவாள் என்பது அவள் வயிற்றுக்குத் தெரியும். அதெல்லாம் படிப்பில் சேரும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லத்தான் வந்தாள் ஒருத்தி. பவுடர் டப்பா என்று சொல்லி விரட்டியாயிற்று.

ஒன்பதாம் வகுப்பில் கேள்வித்தாளைக் கொடுத்தாள். ‘நான் கடினமான இலக்குகளை விரும்புகிறேன்: முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன், ஓரளவு ஒத்துக்கொள்கிறேன்...’ பிள்ளைகள் பக்கத்தில் பார்த்து டிக் அடித்தன. வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

எம்.எட்.டில் நல்ல மார்க். காலேஜில் மூன்றாவதாக வந்தாள். அந்தப் படிப்பைக் குறை சொல்ல முடியாது. பாடம் நடத்தினவர்கள் நன்றாகத்தான் நடத்தினார்கள். ஆனால் அது வேறு வேலைக்கான படிப்பு. டீச்சர்களை உண்டாக்குகிற டீச்சருக்கான படிப்பு. சேரும்போதே ஒரு பேராசிரியர் கேட்டார், “பி.எட். காலேஜில் லெக்சரர் ஆகும் எண்ணமா?” என்று. “இல்ல சார், ஸ்கூல் பிரின்சிபால்” என்றாள். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “அதுக்கு இது வேண்டாம்னு சொல்லல...” என்று இழுத்தார். அந்த இழுவையை அவள் காதில் வாங்கவில்லை. வலிக்கிற படிப்பு வீண்போகாது என்று நினைத்தாள்.

மே மாசம் அண்ணாச்சி இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கூட டிரஸ்ட்டு ஆட்கள் இரண்டு பேர். மேஜையில் மோர் வைத்திருந்தார்கள்.

“ரொம்பக் கஷ்டப்பட்டுட்டம்மா” என்றுதான் அண்ணாச்சி ஆரம்பித்தார். “உங்கப்பாவும் டீக்கடைல சொல்லிகிட்டே இருக்காரு.”

“ஆமா அண்ணாச்சி.”

“சரி. இப்ப நம்ம பள்ளிக்கூடத்துல முக்கியமான கோளாறு என்னன்னு நினைக்க?”

கல்வி நிர்வாகம் என்கிற தாளில் அவள் வாங்கின மார்க் எண்பத்தி எட்டு. திட்டமிடல், ஒருங்கிணைத்தல், மேற்பார்வை என்று அழகாகச் சொன்னாள். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, “அது எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் உள்ளதும்மா. நம்மள்ல?” என்றார்.

அவள் மறுபடியும் திட்டமிடலில் இருந்தே ஆரம்பித்தாள். “ஒன்பதாங் கிளாஸ்ல இந்த வருஷம் யாரெல்லாம் படிப்ப விட்டு நின்னுட்டாங்க, எதுக்கு நின்னாங்கன்னு தெரியுமா?” என்று டிரஸ்ட்டுக்காரர் ஒருவர் கேட்டார். தெரியாது. தெரிய வழியில்லை.

“ரெண்டு வருஷம் நீ இங்கன இல்லையேம்மா” என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

“படிக்கத்தான அண்ணாச்சி போனேன். நீங்க சொல்லித்தான போனேன்.”

“படின்னுதாம்மா சொன்னேன். போன்னு சொல்லலையே.”

அந்த இடத்தில் அவள் பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. “அண்ணாச்சி, அவ படிச்சதுல பரீட்சையே கிடையாது, தெரியுமா?” என்றாள். சொன்ன உடனே, ஒன்றாம் வகுப்பில் பக்கத்துப் பிள்ளையைக் கோள் சொல்கிற பிள்ளையின் குரல் மாதிரி அவளுக்கே கேட்டது. அண்ணாச்சி மோர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“குடிம்மா. வெயில்ல வந்திருக்க.”

மறுநாளே கோமதித்தாய் போன் பண்ணினாள். அபிதாவுக்குத்தான். பொன்செல்வி பழையபடி அறிவியல் டீச்சர். “ஏட்டி, வருத்தப்படாத. எம்.எட். இருக்குலா, எங்கயாவது பி.எட். காலேஜுல கேளு. கை நிறையக் குடுப்பான்” என்றாள். பொன்செல்விக்குப் பி.எட். காலேஜ் வேண்டாம். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் இப்போது உட்கார்ந்திருக்கிறவளுக்கு முப்பத்தியொரு வயசு. அது இனிக் காலியாகும்போது பொன்செல்வி கிழவியாகிவிடுவாள்.

அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

பிச்சையா வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். மகள் முகத்தைப் பார்த்ததும் உலக்கை நின்றது.

“என்னட்டி ஆச்சு?”

“கிடைக்கலப்பா. அந்த அபிதா பிள்ளைக்குக் குடுத்துட்டாங்க.”

கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவே இல்லை. “அந்த ஸ்கூட்டில வருமே, அதுக்கா?”

“ம்.”

“அது என்னத்தட்டி கஷ்டப்பட்டுச்சு?”

“ஒண்ணும் படல.”

“நீ?”

“பட்டேன்.”

“பெறவு?”

அவளுக்கு எரிச்சல் வந்தது. இரண்டு வருஷத்து எரிச்சல். “கஷ்டத்துக்கு அங்கன யாரும் மார்க் போடலப்பா! நான் நின்னுகிட்டே போனேனா, உக்காந்து போனேனான்னு எவனும் கேக்கல. கால் வீங்குனதெல்லாம் ஒரு கணக்கே இல்ல. தப்பான வேலைய எடுத்து நல்லா கஷ்டப்பட்டிருக்கேன், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை சரியானத எடுத்துச்சு.”

பிச்சையா உலக்கையைக் கீழே வைத்தார். வெற்றிலையை வாயில் போடவில்லை. இடது கை அதுபாட்டுக்கு வலது தோளுக்குப் போய்க் காய்ப்பைத் தடவிக்கொண்டிருந்தது. எழுபது வயசு ஆளின் முகம் அது மாதிரி வெளுத்துப்போய் அவள் பார்த்ததில்லை. அம்மா செத்த அன்றைக்குக்கூட இப்படி இல்லை. அந்த மனுஷனிடம் இருந்தது அந்த ஒன்றுதான். வாழ்நாள் பூராவும் சுமந்தேன், சுமந்தது வீணில்லை என்கிற ஒரு பெருமை. அதில் போய்க் கையை வைத்துவிட்டோம் என்று தெரிந்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது.

“அப்பா,” என்றாள். “நான் சும்மா கோவத்துல சொன்னேன். நடந்தது அது இல்ல. அவ அப்பா தாலுகா ஆபீஸ்ல இருந்தாருல்லா? பள்ளிக்கூடத்து எடத்துக்குப் பட்டா வாங்கிக் குடுத்ததே அவருதானாம். அந்த நன்றிக்குக் குடுத்துட்டாங்க. மத்தபடி நாந்தான் மேல.”

வாயில் வந்ததைச் சொன்னாள். அப்படி ஒரு பட்டாவும் இல்லை, அப்படி ஒரு பேச்சும் இல்லை.

பிச்சையாவின் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது. “அப்படிச் சொல்லு! அதான பாத்தேன்! பெரிய எடத்துக் கையி உள்ள போயிருக்கு. இல்லன்னா எம் மவள எவ முந்துவா?” என்றார். அண்ணாச்சியைக் கொஞ்ச நேரம் வைதார். தாலுகா ஆபீஸை வைதார். உலகத்தையே வைதார். வைது முடித்துத் தெம்பாக வெற்றிலையை மென்றார். ராத்திரி இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டார்.

அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே, இது நாளைக்கு டீக்கடைக்குப் போகும் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்போதே சொல்லித் தடுத்திருக்கலாம். மனுஷன் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டாள். உள்ளே இன்னொன்றும் இருந்தது. அந்தப் பொய் அவள் காதுக்கும் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது.

பள்ளி திறக்கும் முன்னாலேயே பட்டா கதை தறித்தெருவைச் சுற்றி முடித்துவிட்டது.

ஜூன் மாசம் முதல் வாரம். அபிதா பிரின்சிபால் ஆன பிறகும் காலையில் அதே பெஞ்சில்தான் வந்து உட்கார்ந்தாள். பொம்பளைகள் பிள்ளையைக் கொண்டுவந்து கேட்டுக்குள் விட்டார்கள். வணக்கம்கூட இல்லாமல் திரும்பிப் போனார்கள். அவள் கூப்பிட்டால், “சோலி கெடக்கு டீச்சர்” என்றார்கள். நாலு நாள் பார்த்துவிட்டு அபிதா பொன்செல்வியிடம் வந்தாள்.

“அக்கா, என்னன்னு தெரியல, யாரும் பேசமாட்டக்காங்க. உங்க தெருதான, நீங்க கொஞ்சம் என்கூட வந்து உக்காருங்களேன்.”

அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. பொன்செல்வி கூடப் போய் உட்கார்ந்தாள். முதலில் வந்தது தங்கத்தாய். அபிதாவைத் தாண்டி நேரே பொன்செல்வியிடம் வந்து கன்னத்தைத் தடவினாள்.

“ஏட்டி பொன்னு, உனக்கு வரவேண்டிய நாற்காலியாம்லா. பட்டாவுக்குப் பதிலாத் தூக்கிக் குடுத்துட்டாங்களாம்லா. வயிறு எரியுதுட்டி எங்களுக்கு.”

அபிதா நிமிர்ந்து பார்த்தாள்.

“அக்கா, அதெல்லாம் பொய்க்கா” என்றாள் பொன்செல்வி. “இந்தப் பிள்ளை நல்லாச் செஞ்சிச்சு, அதான் குடுத்தாங்க. பட்டாவும் இல்ல ஒண்ணும் இல்ல.”

“நீ இப்படித்தான் சொல்லுவ. அவகிட்ட வேலை பாக்கணும்லா.”

“நெசமாத்தாங்கா. நாந்தான் எங்க அப்பாகிட்ட அப்படிச் சொன்னேன். நான் சொன்ன பொய் அது.”

தங்கத்தாய் அவளையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. “பாத்தியா,” என்று பின்னால் வந்த இன்னொருத்தியிடம் திரும்பிச் சொன்னாள், “பழியத் தூக்கித் தன் தலைல போட்டுக்கிடுதா. பெத்தவ குணம். இவளுக்குப் போயி இல்லாமப் பண்ணிட்டானுவளே.”

அபிதா எழுந்து, “பெல்லு அடிக்கச் சொல்லுதேன்க்கா” என்று சொல்லிவிட்டு ஆபீஸ் ரூமைப் பார்த்து நடந்தாள். நடை நிதானமாகத்தான் இருந்தது.

பெல் அடித்தது. பெஞ்சில் பொன்செல்வி மட்டும் இருந்தாள். ஒவ்வொருத்தியாக வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். கேட்டுப் பக்கம் இவ்வளவு கூட்டம் சேர்ந்தது இந்த வாரத்தில் இதுதான் முதல் தடவை. யாரும் பிள்ளையைப் பற்றிப் பேசவில்லை. ஷிப்டைப் பற்றிப் பேசவில்லை. ஒருத்தி அவள் முதுகைத் தடவினாள், ஒருத்தி அபிதாவின் அப்பாவை மண் அள்ளித் தூற்றினாள். பிந்தி வந்த பிள்ளைகள் என்ன செய்வது என்று தெரியாமல் வராந்தா ஓரத்தில் பையோடு நின்றுகொண்டிருந்தன. அதுகளை உள்ளே அனுப்ப வேண்டும் என்று பொன்செல்விக்குத் தெரிந்தது. எழுந்திருக்க முடியாதபடி அவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.